எஸ்ஏடி ஆங்கிலக் கிரகித்தல்: சொல் விளங்குகிறது, விடை பிழைக்கிறது

அலஸ்தோட்டம் | ஞாயிறு, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். ஏஎல் (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டு முடிவுக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உயிரியல் பிரிவு, தமிழ் மொழிமூலம். இங்கே பல்கலைக்கழகத்துக்கு எடுக்கப் பார்க்கும் இசட் புள்ளி கைகொடுக்குமோ தெரியாது, வெளிநாட்டுக்கும் விண்ணப்பித்துப் பார் என்று மாமா சொன்னதால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பார்க்கும் எஸ்ஏடி பரீட்சைக்குப் பதிந்திருக்கிறேன். இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. கணக்குப் பகுதிக்குப் பயமில்லை. வாசிப்புத்தான் ஆளைக் கவிழ்க்கிறது.

போன கிழமை, எஸ்ஏடியை எழுதும் புளூபுக் செயலியில் ஒரு மாதிரிப் பரீட்சை செய்தேன். வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த பகுதியில் 54 வினா, அதில் 23 பிழை. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். சொல் தெரியாமல் பிழைத்தது ஆறுதான். மிச்சம் எல்லாம் பந்தி விளங்கியது, நாலு விடையும் விளங்கியது, இரண்டைக் கழித்தும் விட்டேன். கடைசியில் நிற்கும் இரண்டில் எப்போதும் பிழையானதைத்தான் தெரிவு செய்கிறேன்.

இதற்கு முன் இரண்டு மாதம் டவுனில் ஒரு வகுப்புக்குப் போனேன். பெயர் வேண்டாம். மூவாயிரம் சொல் கொண்ட ஒரு கட்டுப் போட்டோகொப்பி தந்து பாடமாக்கச் சொன்னார்கள். தொள்ளாயிரம் வரை பாடமாக்கினேன். மாதிரிப் பரீட்சையில் அதிலிருந்து ஒரு சொல்லும் வந்ததாக ஞாபகம் இல்லை. அங்கே தந்த தாள்களில் ஒரு பக்கத்துக்கு நீளும் பந்தியும் அதற்குப் பத்துப் பதினொரு வினாவும் இருந்தன. புளூபுக்கில் குட்டிக் குட்டிப் பந்தி, ஒன்றுக்கு ஒரு வினா. எதை நம்பிப் படிப்பது?


தொரொன்ரோ_திருமலையான் | ஞாயிறு, இரவு 9.55

தங்கச்சி, சொற்களை விட்டுவிடாதீர்கள். நான் 90களில் எழுதியவன். ‘இதற்கு இது என்றால் அதற்கு எது’ என்று ஒப்புமை கேட்பார்கள். சொல் தெரியாவிட்டால் அந்த இடத்திலேயே கதை முடிந்தது. அட்டையில் எழுதி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் பாடமாக்கினேன். மூவாயிரம் பெரிய கணக்கே இல்லை, ஒரு நாளைக்கு நாற்பது.


இரவு_மெயில் | ஞாயிறு, இரவு 10.20

அண்ணா, மன்னிக்கவும், நீங்கள் எழுதிய பரீட்சை இப்போது இல்லை. ஒப்புமை வினாக்களை 2005இலேயே எடுத்துவிட்டார்கள். யாரும் புழங்காத சொற்களைக் கேட்கும் பழக்கத்தை 2016இல் கைவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் தங்கச்சியின் வகுப்பில் கொடுத்த தாள்: 65 நிமிடம், 5 நீளப் பந்தி, 52 வினா. அதுவும் போய்விட்டது. அமெரிக்காவுக்கு வெளியே 2023 மார்ச்சிலிருந்து பரீட்சை முழுக்கக் கணினியில். பழைய தாளின் போட்டோகொப்பியை இன்றைக்கும் விற்கிறார்கள் என்றால் என்ன சொல்வது.

தங்கச்சி, நான் போன வருடம் கொழும்பில் எழுதினேன். இப்போதைய நடைமுறை இதுதான். வாசிப்பும் எழுத்தும் ஒரே பகுதி, மொத்தம் 64 நிமிடம். அதை இரண்டாக வெட்டியிருப்பார்கள்: 32 நிமிடம் 27 வினா, திரும்பவும் 32 நிமிடம் 27 வினா. ஒரு வினாவுக்குச் சராசரி 71 செக்கன். பந்தி 25 சொல்லிலிருந்து 150 சொல் வரை. முதல் பாதியை நீங்கள் எப்படிச் செய்தீர்கள் என்று பார்த்துத்தான் இரண்டாவது பாதி கடினமாக வருமா இலகுவாக வருமா என்று மென்பொருள் தீர்மானிக்கிறது. இலகுவானது வந்தால் சந்தோசப்படாதீர்கள், உச்சப் புள்ளிக்கு அதில் வழி இல்லை. ஆக முதல் 27இல் அவசரப்படுவதுதான் மோசமான பிழை.

பிழையான விடைக்குப் புள்ளி கழிக்க மாட்டார்கள். ஒன்றையும் வெறுமையாக விட வேண்டாம்.

இன்னொன்று. வினாக்கள் எழுந்தமானமாக வருவதில்லை. முதலில் கோடிட்ட இடத்துக்குச் சொல், பிறகு பந்தியின் நோக்கம், பிறகு கருத்து, சான்று, ஊகம். அதற்குப் பிறகு நிறுத்தற்குறியும் இலக்கணமும். கடைசியில் இணைப்புச் சொல்லும் குறிப்புகளைச் சேர்த்து வசனம் ஆக்குவதும். நான் இலக்கணத்திலிருந்து தொடங்கிக் கடைசி வரை போய்விட்டு, பிறகு முன்னுக்கு வந்தேன். இலக்கணம் 30 செக்கனில் முடியும். மிச்சம் பிடித்த நேரத்தை ஊக வினாவில் செலவழிக்கலாம். எல்லோருக்கும் இது ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன். என் அறைத்தோழன் அப்படிச் செய்து குழம்பிப்போனான்.


கடைசி_வாங்கு | ஞாயிறு, இரவு 10.31

மூவாயிரம் சொல்லைப் பாடமாக்கிய ஒருவர் எங்கள் ஒழுங்கையில் இருக்கிறார். இப்போது சண்டை பிடிக்கும்போது மட்டும் ஆங்கிலம் கதைக்கிறார்.


உவர்மலை_வாத்தியார் | திங்கள், காலை 5.50

பிள்ளை, நான் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். உங்கள் பதிவில் எனக்குப் பிடித்தது, பிழைகளைத் திருப்பிப் பார்த்து ஆறு, பதினேழு என்று பிரித்ததுதான். அந்த ஆறை விடுங்கள். பதினேழைப் பார்ப்போம்.

நம் பள்ளிக்கூடத்துக் கிரகித்தலில் விடை பந்திக்குள்ளேயே ஒரு வரியாகக் கிடக்கும். வினாவில் உள்ள சொல்லைப் பந்தியில் தேடிப்பிடித்து அந்த வரியை எழுதினால் புள்ளி. நானும் அப்படித்தான் படிப்பித்தேன், மறைக்கவில்லை. ஏஎல்லில் பொது ஆங்கிலம் இசட் புள்ளிக்குக் கணக்கில் வராது என்பதால் அதற்கு மேல் யாரும் மினக்கெடுவதும் இல்லை. எஸ்ஏடியில் அந்த வித்தை எடுபடாது. பந்தியில் உள்ள அதே சொல் எந்த விடையில் இருக்கிறதோ, அதுதான் பல வேளைகளில் பொறி.

ஒரு சோதனை வைக்கிறேன். வேண்டுமென்றே தமிழில் தருகிறேன். பந்தியும் அதில் வரும் ஆய்வாளரும் என் கற்பனை.

பந்தி: ‘கோட்டைப் பக்கத்து மான்கள் கடைத்தெருவுக்கு வந்து குப்பையைக் கிளறுவது, மேய்ச்சலுக்குப் புல் போதாமையின் அடையாளம் என்று பலரும் கருதுகின்றனர். ஆனால் ஓராண்டு முழுவதும் மான்களைக் கவனித்த ஓர் ஆய்வாளர், மழைக்குப் பின் புல் தாராளமாக வளர்ந்திருந்த மாதங்களிலும், வறண்ட மாதங்களில் வந்த அதே எண்ணிக்கையில் மான்கள் கடைத்தெருவுக்கு வந்ததைக் கண்டார். இதிலிருந்து தெரிவது...’

அ. மான்கள் புல்லை விட மனிதர் உண்டு எறியும் உணவையே விரும்புகின்றன.
ஆ. மான்கள் கடைத்தெருவுக்கு வருவதற்குப் புல் போதாமை மட்டுமே காரணமாக இருக்க முடியாது.
இ. குப்பையோடு பொலித்தீனையும் தின்பதால் மான்களின் உடல்நலம் கெடுகிறது.
ஈ. மழைக்காலத்தில் மான்கள் முன்னரை விட அதிகமாகக் கடைத்தெருவுக்கு வருகின்றன.

எல்லோரும் விடை சொல்லுங்கள். 71 செக்கன்.


கடைசி_வாங்கு | திங்கள், காலை 7.15

இ. இதில் என்ன யோசனை? மான் பொலித்தீன் பையை மென்றுகொண்டு நிற்பதை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன் சேர்.


தொரொன்ரோ_திருமலையான் | திங்கள், காலை 7.40

அ. புல் இருக்கும்போதும் குப்பைக்கு வருகிறது என்றால் குப்பைதான் பிடித்திருக்கிறது. வேறென்ன?


அலஸ்தோட்டம் | திங்கள், காலை 8.05

நானும் முதலில் அ என்றுதான் நினைத்தேன். பிறகு ஆவுக்கு மாறினேன், திரும்பவும் அவுக்கு வந்தேன். அ.


கிண்ணியா_நானா | திங்கள், காலை 9.30

ஆ. அ விடையில் ‘விரும்புகின்றன’ என்று ஒரு சொல் இருக்கிறது. மானுக்கு எது விருப்பம் என்று பந்தியில் எங்கே இருக்கிறது? புல் இருந்தும் வருகிறது என்பது மட்டும்தான் இருக்கிறது. தண்ணீர் தேடி வரலாம், நாய்க்குப் பயந்து வரலாம், பழகிப்போய் வரலாம்.


உவர்மலை_வாத்தியார் | திங்கள், மாலை 6.10

ஆ தான். தமிழ்ப் பந்தி, நம் ஊர் மான், பாடமாக்க வேண்டிய சொல் ஒன்றும் இல்லை, இருந்தும் நாலு பேரில் மூன்று பேருக்குப் பிழைத்தது. இதில் ஆங்கிலத்தைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

ஒவ்வொரு பிழைக்கும் நான் வகுப்பில் ஒரு பெயர் வைத்திருந்தேன். அ விடை ‘மிகை’. பந்தி நாலு அடி போனால் அது அஞ்சாவது அடியும் போகும். கேட்க நியாயமாகவே இருக்கும், அதனால்தான் ஆபத்து. இ விடை ‘ஊர்க்கதை’. உண்மையாகவே இருக்கலாம், தம்பி கண்ணால் கண்டதுதான், ஆனால் இந்தப் பந்தி அதைச் சொல்லவில்லை. ஈ ‘திரிபு’. அதே எண்ணிக்கை என்றதை அதிகம் என்று மாற்றிவிட்டது.

சரியான விடை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். சப்பென்று இருக்கிறது. ‘மட்டுமே காரணமாக இருக்க முடியாது.’ ஒரு சுவையும் இல்லை. ஊக வினாவில் சரியான விடை பெரும்பாலும் இப்படித்தான், சொல்லக்கூடியதில் ஆகக் குறைந்ததைச் சொல்லும். விடையைப் பார்த்ததும் ‘அட, நல்ல கருத்து’ என்று தோன்றினால் ஒரு முறை சந்தேகப்படுங்கள்.


தொரொன்ரோ_திருமலையான் | திங்கள், இரவு 8.20

வாத்தியார், நான் இன்னும் அ பக்கம்தான். பொதுவாழ்க்கையில் யாரும் அப்படித்தான் முடிவெடுப்பார்கள்.


உவர்மலை_வாத்தியார் | திங்கள், இரவு 8.45

பொதுவாழ்க்கையில் நானும் அப்படித்தான் தம்பி. அதற்குப் புள்ளி போடுவதில்லை.


கிண்ணியா_நானா | திங்கள், இரவு 9.10

எனக்கு இது பிடிபட்டதற்குக் காரணம் ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சை. அதில் வாசிப்புக்கு 60 நிமிடம், 3 பந்தி, 40 வினா. ஒரு வகை வினாவில் ‘சரி’, ‘பிழை’, ‘கூறப்படவில்லை’ என்று மூன்று தெரிவு இருக்கும். அந்த மூன்றாவதுதான் முதலில் என்னைக் கொன்றது. ‘பிழை’ என்று எழுதிவிட்டு விடையைப் பார்த்தால் ‘கூறப்படவில்லை’ என்று இருக்கும். பந்தி மறுத்தால்தான் பிழை. பந்தி வாயே திறக்கவில்லை என்றால் கூறப்படவில்லை. இதை நாற்பது ஐம்பது வினாவில் அடிபட்டுத்தான் பழகினேன்.

தங்கச்சி, எஸ்ஏடிக்கும் இதைப் போட்டுப் பாருங்கள். கடைசியில் நிற்கும் இரண்டு விடையிலும் ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து, இது பந்தியில் எங்கே என்று கேளுங்கள். இடம் காட்ட ஏலாத ஒரு சொல் இருந்தாலும் அந்த விடையை வெட்டுங்கள். முழு விடையும் நன்றாக இருக்கும், ஒரு சொல்தான் கெட்டிருக்கும். பாற்சோற்றில் ஒரு கல் மாதிரி.


அலஸ்தோட்டம் | செவ்வாய், பகல் 1.25

நேற்று இரவு அந்தப் பதினேழையும் திரும்ப எடுத்து, சேர் சொன்ன பெயர்களைப் போட்டுப் பார்த்தேன். மிகை ஒன்பது. ஊர்க்கதை நாலு, நாலும் அறிவியல் பந்தி. உயிரியல் படித்ததால் பந்தியில் இல்லாததெல்லாம் எனக்குத் தெரிந்திருக்கிறது, அதுதான் வினை. திரிபு இரண்டு. மிச்சம் இரண்டு கவிதை, அதில் எதுவுமே விளங்கவில்லை.

இன்னொரு கவலை. தமிழில் என்றால் அந்த மான் பந்தியை ஒரு தடவையில் வாசித்துவிட்டேன். ஆங்கிலத்தில் நீளமான வசனம் வந்தால் முற்றுப்புள்ளி வரை போய், பிறகு பின்னாலிருந்து முன்னுக்கு வந்து, மனதுக்குள் தமிழாக்கிக்கொண்டுதான் விளங்குகிறது. ஒரு வசனத்தை மூன்று தரம் வாசிக்கிறேன். 71 செக்கன் எங்கே காணும்?


இரவு_மெயில் | செவ்வாய், பகல் 2.00

தமிழாக்குவதை முற்றாக நிறுத்துங்கள். அதுதான் நேரத்தைத் தின்கிறது. ஆங்கிலத்தில் நினைக்கப் பழக வேண்டும்.


உவர்மலை_வாத்தியார் | செவ்வாய், மாலை 5.30

தம்பி சொல்வது சரிதான், ஆனால் ‘ஆங்கிலத்தில் நினை’ என்றால் எப்படி நினைப்பது? நீந்தத் தெரியாதவனைத் துறைமுகத்துக்குள் தள்ளிவிட்டு நீந்து என்பது மாதிரி.

பின்னாலிருந்து முன்னுக்கு வருவது பிள்ளையின் சோம்பல் இல்லை. தமிழ் அப்படிப் பழக்கியிருக்கிறது. நமக்கு வினை கடைசியில். ஒரு பெயரைப் பற்றிய விபரம் எல்லாம் எச்சமாக அந்தப் பெயருக்கு முன்னால் வந்து நிற்கும். ஆங்கிலத்தில் விபரம் பெயருக்குப் பின்னால் தொங்கும். ஒரு வசனத்தை எடுப்போம், நம் ஊரோடு பட்ட கதை:

‘தாக்குதல் வரும் என்று எதிர்பார்க்கப்பட்டதால் முதல் நாள் இரவே திருகோணமலையை விட்டுப் புறப்பட்டிருந்த அந்த விமானந்தாங்கிக் கப்பல், மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது.’

1942 ஏப்ரல் 9, ஹேர்மிஸ் கப்பல். யப்பான் விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்ட அன்றுதான். சரி, வரலாறு போகட்டும். இதே வசனம் ஆங்கிலத்தில் இந்த ஒழுங்கில் வரும்:

அந்தக் கப்பல் / புறப்பட்டிருந்ததே திருகோணமலையை விட்டு / முதல் நாள் இரவு / ஏனென்றால் தாக்குதல் எதிர்பார்க்கப்பட்டது / அது மூழ்கடிக்கப்பட்டது / மட்டக்களப்புக்கு அப்பால்.

துண்டு துண்டாக, வந்த ஒழுங்கிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள். தமிழ் வசனமாகக் கோத்துக் கட்ட வேண்டாம். தமிழ்ச் சொல்லாக மனதில் ஓடினாலும் பரவாயில்லை, ஒழுங்கு ஆங்கில ஒழுங்காக இருந்தால் போதும். முதலில் முதுகெலும்பைத் தேடுங்கள்: கப்பல், மூழ்கடிக்கப்பட்டது. இடையில் இரண்டு கால்புள்ளிக்குள் கிடப்பதை முதல் வாசிப்பில் அடைப்புக்குள் போட்டுவிடலாம். ‘கப்பல்’ என்று தொடங்கினால், அதன் வினை வரும் வரை மனதில் ஒரு கதவு திறந்தே இருக்க வேண்டும்.

ஒரு நாளைக்குப் பத்து வசனம் போதும். பென்சிலால் சரிகோடு போட்டு வெட்டுங்கள். மூன்று கிழமையில் கண் தானாகவே வெட்டும்.


இரவு_மெயில் | செவ்வாய், இரவு 7.05

சேர், எனக்கு இன்னும் உடன்பாடில்லை. தமிழ்ச் சொல் மனதில் ஓடும் வரை வேகம் வராது என்பதுதான் என் அனுபவம். ஆனால் கப்பல் உதாரணம் நன்றாக இருக்கிறது, எனக்கு யாரும் இப்படிச் சொல்லித்தரவில்லை.


கிண்ணியா_நானா | செவ்வாய், இரவு 7.40

நான் இரண்டுமே செய்யவில்லை. சுபஹுக்கு எழும்பி, தொழுதுவிட்டு, வீட்டில் எல்லோரும் எழும்பும் முன்னர் ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசிப்பேன். வாய்விட்டு வாசித்தால் பின்னுக்குப் போக ஏலாது. அவ்வளவுதான்.


கடைசி_வாங்கு | செவ்வாய், இரவு 8.15

சொல்லைப் பற்றி யாரும் கதைக்கவில்லையே. தொரொன்ரோ அண்ணா பாவம், மூவாயிரத்தோடு தனியே நிற்கிறார்.


இரவு_மெயில் | செவ்வாய், இரவு 8.50

சொல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதல் சில வினாக்கள் சொல் வினாதான். ஆனால் அங்கே விழுத்துவது தெரியாத சொல் இல்லை, தெரிந்ததாக நினைக்கும் சொல். எனக்குப் பிழைத்தவற்றைச் சொல்கிறேன். ‘நாவல்’ என்று பார்த்ததும் கதைப்புத்தகம் என்று நினைத்தேன், பந்தியில் அது ‘புதுமையான’. ‘டிஸ்கவுன்ட்’ என்றால் எங்களுக்குக் கடையில் விலைக்கழிவு, அங்கே ஒரு கருத்தைப் பொருட்படுத்தாமல் தள்ளிவிடுவது. ‘கரண்ட்’ என்றால் மின்சாரம், அங்கே ‘தற்போதைய’. ‘குவாலிஃபை’ என்றால் தகுதி பெறுவது என்று இருந்தேன், அங்கே ஒருவர் தன் கூற்றைக் கொஞ்சம் மட்டுப்படுத்திச் சொல்கிறார்.


உவர்மலை_வாத்தியார் | செவ்வாய், இரவு 9.20

இது நல்ல விசயம். தமிழுக்குள் குடிவந்த ஆங்கிலச் சொல் தன் சொந்தங்களையெல்லாம் விட்டுவிட்டு ஒரே ஒரு பொருளோடுதான் வருகிறது. வீட்டில் புழங்குகிற சொல்தானே என்று அகராதி பார்க்க மாட்டோம். பிள்ளை, மிச்ச இரண்டாயிரத்து நூறு சொல்லை விட்டுவிட்டு இந்த மாதிரிச் சொற்களில் நூறு சேருங்கள். ஒவ்வொன்றும் எந்த வசனத்தில் வந்தது என்று அந்த வசனத்தையும் எழுதுங்கள்.

கோடிட்ட இடம் வந்தால் நாலு விடையையும் கையால் மறைத்துக்கொண்டு, முதலில் அந்த இடத்தில் ஒரு தமிழ்ச் சொல்லைப் போட்டுப் பாருங்கள். ‘குறைத்தது’, ‘மறுத்தது’, ஏதோ ஒன்று. பிறகு அதற்குக் கிட்ட வரும் விடையைத் தேடுங்கள். விடையை முதலில் பார்த்தால் நாலும் சரி போலத்தான் இருக்கும். இதில் தமிழில் நினைக்கலாம், இரவு மெயில் தம்பி கோபிக்கக் கூடாது.


அலஸ்தோட்டம் | புதன், காலை 10.10

கவிதைக்கு என்ன செய்வது சேர்? இரண்டுமே பழைய ஆங்கிலம் மாதிரி, பறவை, இலையுதிர்காலம் என்று வருகிறது. இங்கே இலையுதிர்காலத்தை எங்கே கண்டோம்?


உவர்மலை_வாத்தியார் | புதன், மாலை 6.00

சங்கப் பாடல் படித்தீர்கள்தானே? பாடலை வாசிக்கும் முன் என்ன பார்ப்போம்? யார் கூற்று. தலைவி கூற்றா, தோழி கூற்றா, யாரிடம் சொல்கிறாள், எந்த நேரத்தில். குறிஞ்சிப் பூவைக் காணாமலே குறிஞ்சித் திணை படித்தவர்கள் நாம், இலையுதிர்காலம் ஒரு தடையே இல்லை. ஆங்கிலக் கவிதைக்கும் அதையே செய்யுங்கள். யார் யாரிடம் பேசுகிறார், மனநிலை எங்கே திரும்புகிறது. ‘ஆனால்’, ‘இருந்தும்’ மாதிரி ஒரு சொல்லில்தான் திரும்பும். அதற்கு மேல் அழகை ரசிக்க வேண்டாம், பரீட்சை முடிந்த பிறகு ரசிக்கலாம்.


தொரொன்ரோ_திருமலையான் | புதன், இரவு 9.30

நான் மகளின் புளூபுக்கைத் திறந்து நேற்று ஒரு பாதி செய்து பார்த்தேன். 27இல் 11 பிழை. நாற்பது வருடமாக ஆங்கில நாட்டில் இருக்கிறேன். எத்தனை மிகை என்று கேட்காதீர்கள். சொல்லட்டை பற்றி நான் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.


அலஸ்தோட்டம் | வியாழன், காலை 11.00

நன்றி அண்ணா, சிரித்துவிட்டேன். இரவு மெயில் அண்ணா, பரீட்சை நாளைப் பற்றியும் கொஞ்சம் சொல்லுங்கள். அப்பாதான் கூட்டிக்கொண்டு போவார். வீட்டில் இருப்பது அண்ணாவின் பழைய மடிக்கணினி, பற்றரி ஒன்றரை மணித்தியாலம்தான் தாங்கும்.


இரவு_மெயில் | வியாழன், மாலை 4.45

பற்றரி முக்கியம். முழுப் பரீட்சை 2 மணித்தியாலம் 14 நிமிடம், இடையில் 10 நிமிட ஓய்வு, தொடங்கும் முன்னரும் நேரம் போகும். மூன்று நாலு மணித்தியாலம் தாங்கும் கணினி வேண்டும். மேசைக்கு மேசை பிளக் இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். யாரிடமாவது நல்லதாக ஒன்று இரவல் வாங்குங்கள். இல்லாவிட்டால் எஸ்ஏடியை நடத்தும் காலேஜ் போர்டிடமே இரவலாகக் கேட்கலாம், ஆனால் பரீட்சைக்குக் குறைந்தது 30 நாளுக்கு முன்னர் கேட்க வேண்டும். உங்களுக்கு நாள் இருக்கிறது. எந்தக் கணினியில் எழுதப் போகிறீர்களோ அதிலேயே புளூபுக்கைப் போட்டுக் கடைசி இரண்டு மாதிரிப் பரீட்சையும் செய்யுங்கள். வரிக்கு நிறம் பூசுவதும் விடையை வெட்டுவதும் கை பழக வேண்டும். நானா சொன்ன விரல் வைக்கும் வேலையைத் திரையில் அப்படித்தான் செய்ய முடியும்.

இடையில் இணைய இணைப்பு அறுந்தாலும் பயப்படாதீர்கள், பரீட்சை தொடர்ந்து ஓடும். தொடங்கும்போதும் முடிவில் விடைகளை அனுப்பவும்தான் இணைப்பு வேண்டும்.

அப்புறம், பரீட்சைக்கு முதல் நாள் இரவு பஸ்ஸில் ஏறி விடிய இறங்கி நேரே மண்டபத்துக்குப் போகாதீர்கள். நான் அதைத்தான் செய்தேன். ஹபரணைக்குப் பிறகும் நித்திரை வரவில்லை. முதல் பாதியில் ஒரு பந்தியை நாலு தரம் வாசித்தேன், தேனீயைப் பற்றியது. இப்போதும் அது என்ன சொன்னது என்று தெரியாது. ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சொந்தக்காரர் வீட்டில் படுங்கள்.


கிண்ணியா_நானா | வியாழன், இரவு 8.30

இணையச் செலவு பிரச்சினை என்றால், கான் அகாடமி இணையத்தளத்தில் எஸ்ஏடிக்கான பயிற்சி இலவசம், காலேஜ் போர்டோடு சேர்ந்து செய்தது. வகுப்புக்குக் கட்டிய காசை டேட்டாவுக்குப் போடுங்கள்.

சேர், உங்கள் மானை நான் கொஞ்சம் இரவல் வாங்குகிறேன். தங்கச்சிக்குச் சான்று வினா ஒன்று. அந்த ஆய்வாளரின் முடிவை, அதாவது புல் போதாமை மட்டுமே காரணமாக இருக்க முடியாது என்பதை, எந்தத் தகவல் பலவீனப்படுத்தும்?

அ. கடைத்தெருவில் மான்களுக்குச் சிலர் வாழைப்பழத் தோல் போடுகிறார்கள்.
ஆ. மழைக்குப் பின் புல் வளர்ந்த இடம் முழுவதும் அந்த மாதங்களில் மான்கள் நுழைய முடியாதபடி வேலியிடப்பட்டிருந்தது.
இ. வேறு ஊர்களிலும் மான்கள் குப்பையைக் கிளறுகின்றன.
ஈ. ஆய்வாளர் மான்களைப் பகலில் மட்டும் எண்ணினார்.


அலஸ்தோட்டம் | வெள்ளி, காலை 9.15

ஆ. ஆய்வாளரின் முடிவு முழுக்க ‘புல் இருந்தது, இருந்தும் வந்தன’ என்பதில்தான் நிற்கிறது. புல் வளர்ந்தும் மானுக்கு எட்டவில்லை என்றால் அது இருந்தும் இல்லாததுதான், அப்போது பசியால் வந்திருக்கலாம். ஈ என்னை இழுத்தது. ஆனால் மழை மாதம், வறண்ட மாதம் இரண்டிலும் பகலில்தானே எண்ணினார், ஒப்பீடு அப்படியே நிற்கிறது. அ ஊர்க்கதை. இ வேறு ஊர்.

55 செக்கன் போனது. தமிழில்தான்.


உவர்மலை_வாத்தியார் | வெள்ளி, மாலை 5.40

சரி. ஈ விடையை ஏன் கழித்தீர்கள் என்று எழுதினீர்களே, அதைத்தான் பார்க்கக் காத்திருந்தேன். இனி இதையே ஆங்கிலப் பந்திக்குச் செய்யுங்கள். பிழைத்த வினாவுக்கு மட்டும் இல்லை, சரி வந்த வினாவுக்கும் மற்ற மூன்றும் ஏன் இல்லை என்று ஒவ்வொரு வரி எழுதுங்கள், தமிழில் எழுதினாலும் போதும். நாளைக்கு ஆறு வினாவுக்கு மேல் வேண்டாம்.


அலஸ்தோட்டம் | ஞாயிறு, இரவு 7.50

ஒரு கிழமைக் கணக்கு: ஆறு ஆறாகச் செய்தேன், நேரம் பார்க்காமல். கடைசி மூன்று நாளும் ஆறில் ஐந்து சரி. நேரம் வைத்துச் செய்தால் நாலுக்கு இறங்குகிறது. கப்பல் மாதிரி வெட்டிய வசனம் ஐம்பது கொப்பியில் இருக்கிறது. மடிக்கணினிக்கு மச்சாளிடம் சொல்லியிருக்கிறேன்.

பின்னேரம் அப்பாவோடு கோணேசர் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது கோட்டை வாசலில் ஒரு மான் நின்று எதையோ மென்றுகொண்டிருந்தது. என்ன தின்கிறது என்று பார்க்கக் கிட்டப் போனேன். புல்.


கடைசி_வாங்கு | ஞாயிறு, இரவு 7.58

ஒரு மானை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது தங்கச்சி. மிகை.